எடை குறைக்கும் ஊசி, சத்து ஊசி: கேட்கிறவர்களுக்காக

எடை குறைந்ததைப் பார்த்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில், கல்யாண வீட்டில், காய்கறிக் கடையில்கூட. என்ன ஊசி, என்ன விலை, நானும் போடலாமா, எத்தனை கிலோ குறையும். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் இரண்டு வேறு ஊசிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் தெரிகிறது. வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடும், பசியைக் குறைக்கும் மருந்து ஒன்று. "கொழுப்பைக் கரைக்கும்" என்று சொல்லி ஸ்லிம்மிங் சென்டர்களில் போடும் வைட்டமின் ஊசி இன்னொன்று. முதலாவதை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். பி12 ஊசியும் வேறு காரணத்துக்காகப் போட்டிருக்கிறேன். ஸ்லிம்மிங் சென்டர் ஊசிக்கு என் நாத்தனார் பணம் கட்டினாள். நான் டாக்டர் இல்லை, திருச்சியில் பள்ளிக்கூட டீச்சர். பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன், உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் என்ற மாத்திரைகள், பிரஷருக்கு ஒரு மாத்திரை. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 33. முழங்கால் வலியில் இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறவே பயமாக இருந்தது, ராத்திரி குறட்டையில் மூச்சு நின்று நின்று வந்தது. நடைப்பயிற்சி, அரிசியைக் குறைப்பது எல்லாம் செய்து நான்கைந்து கிலோ இறங்கும், பிறகு ஏறும். என்னைப் போல் இங்கே நிறையப் பேர். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அளவுக்கு மேல். இதையெல்லாம் "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இந்த மருந்து போட்ட பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஏனென்றால் முதல் ஊசி போட்ட மூன்றாம் நாளே எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டது. அன்றைக்கு என் மன உறுதி ஒன்றும் கூடிவிடவில்லை. ஒரு ஹார்மோன் வேலை செய்தது, அவ்வளவுதான்.

அது என்ன ஹார்மோன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒன்று சுரக்கிறது. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, மூளைக்குப் "போதும்" என்று சேதி அனுப்புகிறது. இயற்கையாகச் சுரப்பது இரண்டு மூன்று நிமிஷத்தில் சிதைந்துவிடும். பல நாள் தாங்கும்படி செய்த மருந்துகள்தான் இப்போது வந்திருப்பவை. இதில் ஒரு சுவாரஸ்யம், இந்த வகையில் முதலில் வந்த எக்செனடைட், கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் ஜான் எங் என்ற ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த பொருளிலிருந்து பிறந்தது, 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, தினம் இரண்டு வேளை குத்த வேண்டும். இன்று வாரம் ஒன்று போதும். ஓசெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைட். நான் போடும் மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட், அது ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இந்தியாவில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி ஜூனிலும் ஓசெம்பிக் டிசம்பரிலும் வந்தன.

எவ்வளவு குறையும் என்று கேட்பவர்களுக்கு: 2021இல் வெளியான செமாக்ளூடைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. 2022இல் வந்த டிர்செபடைட் ஆய்வில் 72 வாரத்தில், அளவைப் பொறுத்து 15 முதல் 21 சதவீதம் வரை. இரண்டும் சுகர் இல்லாதவர்களிடம் செய்தவை. சுகர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான், இதுவரை 86 கிலோவிலிருந்து பத்து கிலோ போல.

என் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் கேட்ட கேள்விகளை அப்படியே சொல்கிறேன், உங்களிடம் ஒருவர் இதையெல்லாம் கேட்காமல் ஊசியை நீட்டினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா (மெடுல்லரி என்ற ஒரு வகை இருந்தால் இந்த மருந்து கூடாது). கணைய அழற்சி வந்திருக்கிறதா. பித்தப்பையில் கல் உண்டா. கண்ணின் விழித்திரையைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள். இந்தக் கடைசிக் கேள்வி சுகர்காரர்களுக்கு ரொம்ப முக்கியம், பல வருஷம் ஏறியிருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு இருந்தால் அது கொஞ்ச காலம் மோசமாகலாம். என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பி, அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் தொடங்கினார். கிளிமிபிரைட்டைப் பாதியாக்கி, கொஞ்ச நாளில் நிறுத்தியும் விட்டார். அதையும் இன்சுலினையும் பழைய அளவிலேயே வைத்துக்கொண்டு இந்த ஊசியைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும்.

"டாக்டர், இதை எத்தனை மாசம் போடணும்?" என்று கேட்டேன்.

"டீச்சர், பிரஷர் மாத்திரையை எத்தனை மாசம்னு என்கிட்ட கேட்டீங்களா? அது மாதிரி நினைச்சுக்கோங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட பேசணும், அது மட்டும் மறக்காதீங்க."

இதை நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். செமாக்ளூடைட் ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆகவே பணக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். அறிமுகமான சமயத்தில் மவுன்ஜாரோ 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. எங்கள் வீட்டில் இவரும் நானும் உட்கார்ந்து, பெரியவனின் காலேஜ் ஃபீஸை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஒரு வருஷமாவது தாக்குப்பிடிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்றோம். எங்கள் காப்பீட்டில் இதற்கு ஒரு பைசா கிடைக்காது. செமாக்ளூடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் அந்த மருந்தை இந்தியக் கம்பெனிகளும் செய்ய வழி உண்டு. விலைக்காக அதற்கு மாறுவதானாலும் மருந்து வேறு, அளவு வேறு, டாக்டர்தான் மாற்ற வேண்டும். நகையை வைத்து மூன்று மாசம் போட்டுவிட்டு நிறுத்தப் போகிறேன் என்று ஒரு தோழி சொன்னாள், வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டுத் தடுத்தேன்.

போடுவது பெரிய விஷயமில்லை. எனக்கு வந்தது குப்பி. 0.5 மி.லி. மருந்தை இன்சுலின் சிரிஞ்சில் முழுசாக இழுத்து, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் போடுகிறேன், ஒரு வாரம் வலது பக்கம், அடுத்த வாரம் இடது, பிறகு தொடை. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. ஒரு வாரம் மறந்துவிட்டால் நான்கு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த முறை வழக்கமான நாளில் போட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. ஒரு குப்பி ஒருவருக்கு ஒருமுறைதான், அதில் கெடாமல் காக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை, மிச்சம் வைத்து அடுத்த வாரம் போடுவதெல்லாம் ஆபத்து. பேனா ஊசி (பல வாரத்து மருந்து ஒரே பேனா வடிவக் குழாயில் இருப்பது) வாங்கி அக்காளும் தங்கையும் ஊசிமுனையை மட்டும் மாற்றிப் பங்கு போட்டுக்கொள்வதாக ஒரு வீட்டில் கேள்விப்பட்டுப் பதறிவிட்டேன். முனையை மாற்றினாலும் ஒருவர் ரத்தம் பேனாவுக்குள் போக வாய்ப்பு உண்டு, நோய் தொற்றும்.

நம் ஊர் வெயிலுக்கு இதைப் பத்திரப்படுத்துவதுதான் வேலை. 2 முதல் 8 டிகிரிக்குள் பிரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெளியே வைத்தால் 30 டிகிரிக்கு மிகாமல் 21 நாள் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது, ஆனால் திருச்சி மே மாதத்தில் 30 டிகிரிக்கு எங்கே போவது. பிரிட்ஜின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில், பின்சுவரில் ஒட்டாமல், ஒரு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் எடுக்கும் நாளில் பிரிட்ஜையே திறக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக், நடுவில் துணி சுற்றிய குப்பி. ஐஸ் நேராகப் படக்கூடாது. கடையில் வாங்கும்போதும் பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பார்த்து, பேட்ச் நம்பர் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். போலி செமாக்ளூடைட் பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார அமைப்பே 2024 ஜூனில் எச்சரித்தது, வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

இனி சாப்பாடு. எல்லோரும் கிலோவைப் பற்றியே கேட்கிறார்கள், இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். தொடங்கிய புதிதில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். இலை நிறையப் பரிமாறியிருந்தார்கள். இரண்டு கவளம் சாம்பார் சாதம், கொஞ்சம் கூட்டு, அவ்வளவுதான், தொண்டை வரை நிறைந்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியம்மா "என்னம்மா, உடம்பு சரியில்லையா" என்று கேட்கும் அளவுக்கு இலை அப்படியே இருந்தது. அன்று ராத்திரி யோசித்தேன், நாள் முழுக்க இவ்வளவுதான் உள்ளே போகும் என்றால் அதில் இட்லியும் சாதமும் மட்டும் போனால் உடம்பு எதை வைத்துத் தாங்கும்? அடுத்த முறை டாக்டரிடம் கேட்டபோது அவர் சொன்னது: குறையும் எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பாக இருக்காது, தசையும் அதில் சேர்த்தி. புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாவிட்டால் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு அது பெரிய நஷ்டம்.

அதிலிருந்து தட்டில் முதலில் கை போவது புரதத்துக்குத்தான். காலையில் இரண்டு முட்டை, அப்புறம்தான் ஒரு இட்லி. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு இட்லியில் 2 கிராம்கூடத் தேறாது. ஸ்கூலுக்குச் சாதத்தைக் குறைத்துச் சுண்டல் அல்லது பனீர். ராத்திரி மீன் குழம்பில் சாதத்தைவிட மீன் அதிகம். சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், பருப்பைக் கெட்டியாக வைப்பது, சோயா, தயிர், தேவைப்பட்டால் டாக்டரைக் கேட்டுப் புரதப் பவுடர். என் கிட்னி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாளைக்கு 70 கிராமாவது எடுங்கள் என்றார், கிரியேட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு, கேட்காமல் செய்ய வேண்டாம். கூடவே மாலையில் இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முழங்கால் வலிக்கு நடையைவிட இந்த உட்கார்ந்து எழுவதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

தொந்தரவுகளும் உண்டு. குமட்டல், பொருமல், அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம், மலச்சிக்கல். பெரும்பாலும் அளவு கூட்டும் வாரத்தில். அதனால்தான் 2.5 மி.கி.யில் தொடங்கி, ஒவ்வொரு அளவிலும் குறைந்தது நான்கு வாரம் இருந்து ஏற்றுகிறார்கள். சீக்கிரம் குறைய வேண்டும் என்று தாவினால் வாந்தியில் முடியும். ஊசி போட்ட மறுநாள் பூரி, பஜ்ஜி, பிரியாணி பக்கம் போகாமல் இருந்தால் பாதித் தொந்தரவு இல்லை. தாகம் எடுப்பதும் குறைந்துவிடுகிறது, அதனால் மோரும் தண்ணீரும் மணி பார்த்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. வாந்தியும் பேதியும் நிற்காமல் போனால், அதிலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், வீட்டில் இருக்காதீர்கள், கிட்னிக்கு நல்லதில்லை. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் போனால் கணையமாக இருக்கலாம், வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்தால் பித்தப்பையாக இருக்கலாம், இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் இந்த ஊசி போடுவதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் வெறும் வயிறு என்று நினைத்திருப்பதில் சாப்பாடு தங்கியிருக்கும்.

சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள இளம்பெண்களின் அம்மாக்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். கர்ப்ப காலத்தில் இது கூடாது. செமாக்ளூடைட் என்றால் குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு இரண்டு மாசம் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறையும்போது நின்றிருந்த மாதவிலக்கு திரும்பி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கவும் வாய்ப்பு உண்டு. டிர்செபடைட் போடும்போது கருத்தடை மாத்திரையின் வேலையும் குறையலாம் என்பதால் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பு வேண்டும். முகூர்த்தப் புடவைக்காக ஐந்து கிலோ குறைக்க இதைக் கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். இது நோய்க்கான மருந்து.

சரி, அந்த வைட்டமின் ஊசி. நாத்தனாருக்கு என் ஊசியின் விலை கட்டுப்படியாகவில்லை. ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் பேக்கேஜ் என்று சொல்லி, வாரம் ஒரு ஊசி, "மெட்டபாலிசத்தை ஏற்றும், கொழுப்பு கரையும்" என்றார்களாம். "அண்ணி, அதுவும் ஊசிதான், இதுவும் ஊசிதான், அது விலை கம்மி" என்றாள். அவளோடு ஒருமுறை போனேன். குப்பியைக் காட்டச் சொன்னேன். அங்கே ஊசி போடும் பெண் தயங்கித் தயங்கிக் காட்டினாள். லேபிளில் மெதில்கோபாலமின், பைரிடாக்சின், நிக்கோட்டினமைடு என்று இருந்தது. எல்லாமே பி வைட்டமின்கள், நரம்புத் தளர்ச்சிக்கு டாக்டர்கள் எழுதித் தருவது. அந்தச் சேர்க்கை மருந்துக்கடையில் நூறு ரூபாய்கூட ஆகாது, இவர்கள் வாங்கியது அதைப் போல் பல மடங்கு. கூடவே கொடுத்த 1,000 கலோரி டயட் சீட்டில்தான் அவளுக்கு மூன்று கிலோ இறங்கியது, பேர் ஊசிக்குப் போனது. டயட்டை விட்டதும் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே எடை ஏறியது. கட்டிய பணத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை.

வேறு இடங்களில் மெத்தியோனின், இனோசிட்டால், கோலின் என்ற சத்துகளைக் கலந்து "லிப்போ" ஊசி என்றும் போடுகிறார்கள். உடம்பில் குறைபாடு இல்லாதவருக்கு பி12 போட்டோ இந்தக் கலவையைப் போட்டோ கொழுப்பு கரையும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

பி12 ஊசியை நான் குறை சொல்லவில்லை. எனக்கே அது பெரிய உபகாரம் செய்திருக்கிறது. மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 உடம்பில் ஒட்டுவது குறையும், அசைவம் குறைவாகச் சாப்பிடும் வீடு என்றால் இன்னும் குறையும். உள்ளங்கால் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். ரத்தம் பார்த்ததில் பி12 ரொம்பக் குறைவு. இடுப்பில் போட்ட அந்த ஊசிகளுக்குப் பிறகு மரமரப்பு நன்றாகக் குறைந்தது, சாயங்காலம் வரும் அசதியும் போனது. எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை, இறங்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை. பசியடக்கும் ஊசி போடுகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுவதால் பி12, இரும்பு எல்லாம் இன்னும் குறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால் ரத்தம் பார்த்து, குறைவு என்றால் டாக்டரிடம் போட்டுக்கொள்ளுங்கள். பேக்கேஜாக யாராவது ஊசி போட வந்தால் லேபிளைக் கேளுங்கள், போட்டோ எடுத்து உங்கள் டாக்டருக்கு அனுப்புங்கள். காட்ட மாட்டோம் என்றால் போட்டுக்கொள்ள வேண்டாம். நாத்தனாரையும் என் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்குத் தைராய்டு குறைவாக இருந்தது, அதுவரை யாரும் பார்க்கவே இல்லை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள்.

நான் இப்போது 7.5 மி.கி.யில் இருக்கிறேன். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, அளவைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு, மூன்று மாச சராசரி சர்க்கரை (HbA1c) ஏழு சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, முழங்கால் தேவலை, இதிலேயே இருங்கள் என்றார். அடுத்த மாசம் கிரியேட்டினின், பி12, விழித்திரை மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். கண் டாக்டரிடம் தேதி வாங்கியாகிவிட்டது.